மருந்து உள்ளே போனதா? பாக்டீரியா செல்லுக்குள் நுண்ணுயிர்க்கொல்லியை அளக்கும் வழி

பினாங்கு ஜாலான் ரெசிடென்சியில் இருக்கும் பெரிய மருத்துவமனையானாலும் கோலாலம்பூரின் பல்கலைக்கழக மருத்துவமனையானாலும், நோயாளியின் சிறுநீரில் பாக்டீரியா வளர்ந்துவிட்டால் மருத்துவர் கேட்பது ஒன்றுதான்: எந்த மருந்துக்கு இது சாகும்? அதற்குப் பல காலமாக நம்பப்படும் சோதனை எளிமையானது. அகார் தட்டில் பாக்டீரியாவைப் பரப்பி, மருந்து ஊறிய காகித வில்லைகளை மேலே வைத்து, 35 டிகிரி செல்சியஸில் 16 முதல் 18 மணி நேரம் விடுவார்கள். மறுநாள் வில்லையைச் சுற்றி எதுவும் வளராத வட்டத்தை மில்லிமீட்டரில் அளப்பார்கள். வட்டம் பெரிதாக இருந்தால் மருந்து வேலை செய்கிறது. வட்டமே இல்லையென்றால் வேலை செய்யவில்லை.

சிகிச்சையைத் தீர்மானிக்க இது போதும். ஆனால் மருந்து ஏன் வேலை செய்யவில்லை என்பதை இந்த வட்டம் சொல்வதில்லை. மருந்து உள்ளே போகாமலே இருந்திருக்கலாம். போன வேகத்தில் வெளியே தள்ளப்பட்டிருக்கலாம். உள்ளே ஒரு நொதி அதை உடைத்திருக்கலாம். அல்லது மருந்து போய்ப் பிடிக்க வேண்டிய இலக்கே உருமாறியிருக்கலாம். நான்கும் தட்டில் ஒரே மாதிரிதான் தெரியும். புதிய மருந்தை வடிவமைக்கிறவருக்கு இந்த நான்கையும் பிரித்தறியாமல் ஓர் அடிகூட நகர முடியாது. உள்ளே போகாத மூலக்கூறில் செய்ய வேண்டிய திருத்தம் வேறு, இலக்கைப் பிடிக்காத மூலக்கூறில் செய்ய வேண்டிய திருத்தம் வேறு.

இந்தச் சிக்கல் மிகக் கடுமையாக இருப்பது ஈ.கோலை, க்ளெப்சியெல்லா, சூடோமோனாஸ் போன்ற கிராம் நெகட்டிவ் பாக்டீரியாக்களில். இவற்றுக்கு இரண்டு சவ்வுகள் உண்டு. வெளிச்சவ்வின் வெளிப்பக்கம் முழுக்க லிப்போபாலிசாக்கரைடு என்னும் சர்க்கரை சேர்ந்த கொழுப்பு அடர்த்தியாக நிற்கிறது. மெக்னீசியம், கால்சியம் அயனிகள் அதை இறுக்கிப் பிடித்திருக்கின்றன. அதன் ஊடே போரின் என்னும் புரதத் துளைகள் உள்ளன. ஈ.கோலையின் போரின் வழியாகச் சுமார் 600 டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட மூலக்கூறு நுழைவது அரிது. வான்கோமைசின் சுமார் 1450 டால்டன். ஈ.கோலையிடம் வான்கோமைசினின் இலக்கு இருந்தும் அது சாகாமல் நிற்பதற்கு இதுவே காரணம்.

அளவு சிறிதாக இருந்தால் மட்டும் போதாது. லினெசோலிட் வெறும் 337 டால்டன்தான், ஆனாலும் ஈ.கோலையை அசைப்பதில்லை. உள்ளே வருவதை ஆக்ர்ஏபி-டோல்சி என்னும் பம்பு வாரி வெளியே கொட்டிவிடுகிறது. டோல்சி மரபணுவை நீக்கிவிட்டால் அதே ஈ.கோலை லினெசோலிடுக்குப் பணிந்துவிடும். ஆக, செல்லுக்குள் ஒரு கணத்தில் இருக்கும் மருந்தின் அளவு என்பது ஓட்டைத் தோணியில் நிற்கும் தண்ணீர் போன்றது. ஓட்டை வழியே வருவதிலிருந்து கைவாளியால் இறைத்துக் கொட்டுவது போக மீதம்தான் அது.

பம்பின் வலுவை உணர இந்த நாட்டிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. மெலியாய்டோசிஸ் என்னும் மண்வழி நோய்க்கு அந்தப் பெயரைச் சூட்டியவர்கள், கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சி நிலையத்தில் பணியாற்றிய ஸ்டான்டனும் பிளெட்சரும். 1913இல் அந்த நிலையத்தின் ஆய்வு விலங்குகளிடையே பரவிய கொள்ளைநோயிலிருந்து தொடங்கியது அவர்களுடைய ஆராய்ச்சி. அந்நோயைத் தரும் பர்க்ஹோல்டெரியா சூடோமல்லெய் பொதுவாக ஜென்டமைசினுக்கு அடங்காது; அம்ர்ஏபி-ஓப்ர்ஏ என்னும் பம்பு அந்த மருந்தை வெளியேற்றிவிடும். ஆனால் சரவாக்கில் கிடைத்த கிருமிகளில் பெரும்பாலானவை ஜென்டமைசினுக்குச் சாகின்றன. அந்தப் பம்பின் ஒரு புரதத்தில் நேர்ந்த ஒரேயொரு மாற்றம்தான் காரணம். இதற்கு நடைமுறை விளைவும் உண்டு. இந்தக் கிருமியைப் பிரித்தெடுக்கப் பயன்படும் ஆஷ்டவுன் அகாரில், மற்றவற்றை அடக்குவதற்காக ஜென்டமைசின் சேர்ப்பார்கள். சரவாக்கில் அந்த அகாரை மட்டும் நம்பினால், தேடும் கிருமியே முளைக்காமல் போகலாம்.

சரி, உள்ளே இருப்பதை எப்படி அளப்பது? தோசைக்கு இரவில் ஊறவைத்த உளுந்து எவ்வளவு தண்ணீர் குடித்திருக்கிறது என்று அறிய வேண்டுமானால், வடிகட்டி எடை போடலாம். ஆனால் பருப்பின் மேலும் இடுக்கிலும் ஒட்டியிருக்கும் நீரும் எடையில் சேர்ந்துவிடும். துணியால் ஒற்றியெடுத்த பிறகு போட்ட எடைதான் எடை. பாக்டீரியாவிலும் சிக்கல் இதேதான். வேறுபாடு என்னவென்றால், உளுந்து குடித்த நீர் உள்ளேயே இருக்கும். பாக்டீரியா குடித்த மருந்து நாம் துடைத்துக்கொண்டிருக்கும்போதே வெளியேறிக்கொண்டிருக்கும்.

கணக்கைப் போட்டுப் பார்த்தால் இதன் கனம் புரியும். 250 மி.லி. வளர்ப்பு ஊடகத்தில் ஈ.கோலையை 0.55 ஒளி அடர்த்தி (கலங்கலைக் காட்டும் எண்) வரை வளர்த்து, சுழற்றிப் படியவைத்து, பாஸ்பேட் உப்புக் கரைசலில் கழுவி, சுமார் 9 மி.லி.யில் திரும்பக் கலக்கினால் ஒரு மில்லிலிட்டரில் ஏறத்தாழ 1200 கோடி செல்கள் இருக்கும். அதில் 800 மைக்ரோலிட்டர் எடுத்தால் சுமார் 1000 கோடி. ஓர் ஈ.கோலையின் கனஅளவு தோராயமாக ஒரு ஃபெம்டோலிட்டர், அதாவது மைக்ரோலிட்டரில் நூறு கோடியில் ஒரு பங்கு. 1000 கோடி செல்களின் மொத்தக் கனஅளவு வெறும் 10 மைக்ரோலிட்டர். இப்போது வெளியே 50 மைக்ரோமோலார் மருந்து இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். படிவில் செல்களின் இடுக்குகளில் இன்னொரு 10 மைக்ரோலிட்டர் கரைசல் சிக்கிக்கொண்டால், அது மட்டுமே 0.5 நானோமோல் மருந்தைக் கொண்டுவரும். உள்ளே ஒரு மூலக்கூறுகூட நுழையாத மருந்தும், வெளியே எவ்வளவோ உள்ளேயும் அவ்வளவு என்று நுழைந்துவிட்டதுபோல் காட்டும். சோதனை வீண்.

அப்படியானால் கழுவினால் என்ன? குளிர்ந்த கரைசலில் மும்முறை கழுவி, ஒவ்வொரு முறையும் ஐந்து நிமிடம் சுழற்றினால் இடுக்கு நீர் போய்விடும். ஆனால் அந்தப் பதினைந்து நிமிடத்தில் சவ்வைக் கடக்கக்கூடிய சிறு மூலக்கூறுகளும் கூடவே போய்விடும். மெதுவாக நகரும் மருந்துகளுக்குக் கழுவுதல் உதவும். வேகமாக நகர்பவற்றுக்கு அதே கழுவுதல் பொய்யான தாழ்ந்த எண்ணைத் தரும். இரண்டையும் ஒரே அட்டவணையில் ஒப்பிட்டால் முடிவு தலைகீழாகிவிடும். பழைய அளவீடுகள் ஒன்றோடொன்று முரண்படுவதற்கு இது ஒரு முக்கியக் காரணம் என்பது என் கணிப்பு.

இங்கே ஒற்றுத் துணியாக வருவது சிலிக்கான் எண்ணெய். நீரைவிடக் கொஞ்சம் கனமாகவும் பாக்டீரியாவைவிட இலேசாகவும் இருக்கும்படி எண்ணெயின் அடர்த்தியைக் கலந்து அமைப்பார்கள். சிறு குழாயில் 700 மைக்ரோலிட்டர் எண்ணெய் ஊற்றி உலர்பனியில் குளிர்வித்து வைக்க வேண்டும். செல் கரைசலை 37 டிகிரியில் ஐந்து நிமிடம் குலுக்கிச் சூடேற்றி, மருந்தை 50 மைக்ரோமோலார் வருமாறு சேர்த்து, சரியாகப் பத்து நிமிடம் விட வேண்டும். அதிலிருந்து 800 மைக்ரோலிட்டரை எண்ணெய்மேல் மெதுவாகப் பரப்பி, உடனே 13,000 மடங்கு புவியீர்ப்பில் இரண்டு நிமிடம் சுழற்ற வேண்டும். செல்கள் எண்ணெயைத் துளைத்துக்கொண்டு அடியில் போய்ச் சேரும். மருந்துக் கரைசல் மேலேயே நின்றுவிடும். போகிற வழியில் செல்லைச் சுற்றிய நீர்ப் படலத்தில் பெரும்பகுதியை எண்ணெய் வழித்துவிடும். பிறகு மேல்நீரை எடுக்க வேண்டும், அதற்குப் பின் எண்ணெயை எடுக்க வேண்டும். வரிசை முக்கியம். படிவில் 200 மைக்ரோலிட்டர் நீர் விட்டுக் கலக்கி, உலர்பனியில் உறையவைத்து 65 டிகிரியில் உருக்குவதை மும்முறை செய்தால் செல்கள் உடைந்து மருந்து வெளிவரும். மெத்தனால் சேர்த்துப் புரதத்தை வீழ்த்தி, தெளிந்த நீரைத் திரவ நிறப்பிரிகையும் இரட்டை நிறை நிறமாலைமானியும் இணைந்த கருவிக்கு அனுப்புவார்கள். மூலக்கூறுகளைப் பிரித்து, நிறையால் அடையாளம் கண்டு அளப்பது அது.

எழுதும்போது ஒரு பத்தியில் அடங்கிவிடுகிறது. கையால் செய்யும்போது தவறக்கூடிய இடங்கள் ஏராளம்.

முதலில் நம் ஊர்க் காற்று. பினாங்கில் நண்பகலில் வெளியே 32 டிகிரி. குளிரூட்டிய ஆய்வறைக்குள் 20 முதல் 24 வரை. வெளிநாட்டுச் செய்முறையில் 'அறை வெப்பநிலை' என்று போட்டிருந்தால் அதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. பம்பின் வேகம் வெப்பநிலையோடு மாறும். எத்தனை டிகிரி என்று தாளில் எழுதி வைத்து அதைக் கடைப்பிடியுங்கள். அடுத்து ஈரம். உலர்பனியில் வைத்த குழாயின் மூடியைத் திறந்த மறுநொடியே எண்ணெய்மேல் உறைபனி படியும். அது உருகி எண்ணெய்க்கும் கரைசலுக்கும் இடையே திவலையாக நின்று அடுக்கைக் கலைக்கும். மூடியோடு குளிர்வித்து, பரப்பும் கணத்தில்தான் திறக்க வேண்டும். ஒரே ஆள் ஒரு சுற்றில் எட்டுக் குழாய்களுக்கு மேல் கையாள முயன்றால் முதல் குழாய்க்கும் கடைசிக் குழாய்க்கும் இடையே ஒரு நிமிடம்கூட வித்தியாசம் வந்துவிடும். பத்து நிமிடச் சோதனையில் அது பத்தில் ஒரு பங்கு.

சுவரில் ஒட்டிய நீர் இன்னொரு எதிரி. எண்ணெயை உறிஞ்சும்போது மேலே சுவரில் தங்கியிருந்த மருந்துத் துளி வழிந்து படிவில் சேர்ந்தால் எல்லாம் பாழ். மேல்நீரை எடுத்ததும் சுவரை நீரால் ஒருமுறை அலசி எடுத்துவிட்டு, அதன்பின் எண்ணெயைத் தொடுவது நல்லது. சிலர் குழாயை அப்படியே உறையவைத்து, படிவு இருக்கும் நுனியை வெட்டியெடுத்துவிடுவார்கள். நாய்க்கு நகம் வெட்டும் கத்தரி இதற்கு அளவெடுத்துச் செய்ததுபோல் இருக்கும். ஆராய்ச்சிக் கருவி விற்கும் கடையைவிட வளர்ப்புப் பிராணிக் கடையில் அது மலிவு.

எண்ணெய் மிச்சம் நிறமாலைமானிக்குள் போனால் கருவிக்குக் கேடு. சிலிக்கான் சேர்மங்கள் 371, 445 ஆகிய நிறை எண்களில் பிடிவாதமான பின்னணிச் சைகையைத் தரும். அந்த இரண்டும் ஏறிக்கொண்டே போனால் எண்ணெய் நீக்குவதில் கவனம் குறைந்துவிட்டது என்று பொருள். உப்பும் செல் சாறும் மருந்தின் அயனியாக்கத்தையும் அமுக்கும். சுத்தமான நீரில் மருந்தைக் கரைத்து அளவுக்கோடு வரைந்தால், செல்லுக்குள் இருப்பது உண்மையைவிடக் குறைவாகத் தெரியும். மருந்து கொடுக்காத செல்களை அதேபோல் உடைத்து, அந்தச் சாற்றில் தெரிந்த அளவு மருந்தைக் கலந்துதான் கோடு வரைய வேண்டும். டியூட்டீரியம் என்னும் கனமான ஹைட்ரஜன் ஏற்றிய அதே மருந்தைக் குறிப்புப் பொருளாகச் சேர்க்க முடிந்தால் இன்னும் நல்லது.

முடிவை ஒரு லட்சம் கோடி செல்லுக்கு எத்தனை நானோமோல் என்று சொல்வது வழக்கம். இந்த அலகு பார்க்க விசித்திரமாக இருந்தாலும் வசதியானது. ஒரு லட்சம் கோடி ஈ.கோலையின் கனஅளவு சுமார் ஒரு மில்லிலிட்டர். ஆகவே ஒரு நானோமோல் என்பது செல்லுக்குள் ஏறத்தாழ ஒரு மைக்ரோமோலார். வெளியே 50 இருக்கும்போது உள்ளே 500 வந்தால் பத்து மடங்கு குவிந்திருக்கிறது. மருந்து ரைபோசோமையோ டிஎன்ஏவையோ இறுகப் பிடித்திருந்தால் இது வியப்பல்ல. நேர்மின் ஏறும் அமீன் (நைட்ரஜன் சேர்ந்த) குழு கொண்ட மருந்து எதிர்மின் ஏறிய லிப்போபாலிசாக்கரைடிலேயே ஒட்டிக்கொண்டு, உள்ளே போகாமலும் இப்படிக் காட்டலாம். எண்ணால் மட்டும் இந்த இரண்டையும் பிரிக்க முடியாது. அதனால்தான் கட்டுப்பாட்டுச் சோதனைகள் இல்லாத அளவீட்டை நம்புவதற்கில்லை.

குறைந்தது நான்கு வேண்டும். உள்ளே குவியும் என்று தெரிந்த மருந்து ஒன்று, டெட்ராசைக்ளினோ சிப்ரோஃப்ளாக்சசினோ. போகாது என்று தெரிந்தது ஒன்று, வான்கோமைசின். மருந்து சேர்த்த மறுகணமே, பனியில் வைத்து எடுத்த சுழிய நேர மாதிரி. இதில் வரும் எண்தான் ஒட்டிய நீரும் மேற்பரப்பில் ஒட்டியதும், மற்ற எல்லாவற்றிலிருந்தும் இதைக் கழிக்க வேண்டும். நான்காவது டோல்சி நீக்கிய செல். சாதாரணச் செல்லில் 40, டோல்சி இல்லாததில் 400 என்று வந்தால் வாசல் திறந்தே இருக்கிறது, கெடுப்பது பம்பு. இரண்டிலும் 40 என்றால் வாசலே அடைப்பு. ஒரு மருந்து நிறுவனத்துக்கு இந்த ஒப்பீடு எத்தனையோ மாத உழைப்பை மிச்சப்படுத்தும்.

டோல்சி நீக்கிய செல் கையில் இல்லாதவர்கள் சிசிசிபி என்னும் வேதிப்பொருளால் பம்பை நிறுத்துவார்கள். அது சவ்வின் இருபுறமும் உள்ள புரோட்டான் வேறுபாட்டைக் குலைக்கும். பம்புக்கு ஆற்றல் கிடைக்காது. எச்சரிக்கை வேண்டிய இடம் இது. டெட்ராசைக்ளின் உட்சவ்வைக் கடந்து குவிவதே அந்த வேறுபாட்டைச் சார்ந்துதான். ஜென்டமைசின் வகையும் சவ்வின் மின்னழுத்தம் இல்லாமல் உள்ளே போகாது. ஆக்சிஜன் இல்லாமல் வாழும் பாக்டீரியாவிடம் அவ்வகை மருந்துகள் தோற்பதற்கு அதுவே காரணம். ஆகவே சிசிசிபி சேர்த்ததும் எண் உயரவில்லை என்பதால் பம்பு இல்லை என்று முடிவு கட்டக் கூடாது.

மருந்து பாக்டீரியாவைக் கொல்லும் என்பதையும் மறக்கக் கூடாது. பத்து நிமிடத்துக்குள் சவ்வு கிழிந்தால் அளவீடு பொருளற்றதாகிவிடும். மருந்து கொடுக்காத இணைக்குழாயிலிருந்து நீர்த்து நீர்த்துத் தட்டில் பரப்பி, காலனிகளை எண்ணி, அந்த எண்ணால்தான் வகுக்க வேண்டும். சிப்ரோஃப்ளாக்சசின் பட்ட செல்களைப் பரப்பிக் காலனி எண்ணினால் உடல் இருக்கும், காலனி வராது. வகுக்கும் எண் சிறுத்து விடை பூதாகாரமாகிவிடும்.

நிறமாலைமானி வாங்க வசதியில்லாத கூடத்துக்கும் வழி உண்டு. சிப்ரோஃப்ளாக்சசின் போன்ற ஃப்ளூரோகுவினலோன்கள் தாமாகவே ஒளிர்பவை. செல்படிவை 0.1 மோலார் கிளைசின் அமிலக் கரைசலில், பிஎச் 3இல், இரவு முழுக்க ஊறவிட்டால் மருந்து வெளியேறும். மறுநாள் சுழற்றி, மேல்நீரை 280 நானோமீட்டருக்கு அருகில் ஒளியூட்டி 440ஐ ஒட்டி உமிழ்வை அளந்தால் போதும். ஈ.கோலைக்கு இது நன்றாகவே வேலை செய்யும். சூடோமோனாஸில் மட்டும் பொறி இருக்கிறது. இரும்பு குறைந்த ஊடகத்தில் அது பயோவெர்டின் என்னும் பசுமஞ்சள் நிறமியைச் சுரக்கும். அதன் ஒளிர்வு 460ஐ ஒட்டியே விழும். மருந்து கொடுக்காத சூடோமோனாஸே மருந்து கொடுத்ததுபோல் மின்னும்.

கதிரியக்கம் ஏற்றிய மருந்து, ஒரு காலத்தில் இந்தத் துறையின் முதுகெலும்பு. 1980இல் ஸ்டூவர்ட் லெவியின் குழு, எதிர்ப்புப் பெற்ற ஈ.கோலை டெட்ராசைக்ளினை ஆற்றல் செலவழித்து வெளியே தள்ளுகிறது என்று காட்டியது டிரிட்டியம் என்னும் கதிரியக்க ஹைட்ரஜன் ஏற்றிய மருந்தைக் கொண்டுதான். நுண்வடிகட்டியில் உறிஞ்சிச் சில நொடியில் முடிப்பதால் வேகத்தில் எண்ணெய் முறையை வெல்லும். ஆனால் மலேசியாவில் 1984ஆம் ஆண்டின் அணுசக்தி உரிமச் சட்டத்தின்கீழ் உரிமம் வேண்டும், கழிவைக் கையாள வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாகப் புதிய மூலக்கூறு ஒவ்வொன்றையும் கதிரியக்கம் ஏற்றித் தயாரிக்க வேண்டும். நூறு மூலக்கூறுகளை ஒப்பிட அது ஒத்துவராது.

நூற்றுக்கணக்கில் ஒப்பிட முடிந்தது நிறமாலைமானி வந்த பிறகுதான். 2017இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் பால் ஹெர்கன்ரோதரின் குழு 180க்கு மேற்பட்ட மூலக்கூறுகளை எண்ணெய் முறையில் ஈ.கோலையில் அளந்தது. உள்ளே குவிந்தவற்றின் பொதுப் பண்புகள் தெளிவாக வெளிப்பட்டன: நெருக்கமின்றி நீட்டி நிற்கும் ஒரு முதனிலை அமீன், உருண்டையாக இல்லாமல் தட்டையான வடிவம், சுழலக்கூடிய பிணைப்புகள் ஐந்துக்கு மிகாமை. இதை வைத்து, வெளிச்சவ்வு இல்லாத கிராம் பாசிட்டிவ் பாக்டீரியாவை மட்டும் கொன்றுவந்த டீஆக்சிநைபோமைசினில் ஓர் அமீனைச் சேர்த்தார்கள். அது கிராம் நெகட்டிவையும் கொல்லத் தொடங்கியது. ஆனால் இது ஈ.கோலைக்கு எழுதப்பட்ட விதி. சூடோமோனாஸின் வெளிச்சவ்வு பன்மடங்கு இறுக்கமானது, போரின்கள் வேறு. 2023இல் அதே குழு சூடோமோனாஸை அளந்தபோது, போரினை நம்பாமல் நேர்மின்னேற்றத்தின் துணையோடு சவ்வையே ஊடுருவும் வேறொரு வழி தெரிந்தது. ஒரு பாக்டீரியாவில் அளந்ததை இன்னொன்றுக்கு அப்படியே எடுத்துச் செல்வது ஆபத்து. ஒரே பாக்டீரியாவிலும் ஊடகம் மாறினால் வாசல் மாறும்: உப்பு மிகுந்த சூழலில் ஈ.கோலை அகலமான ஓம்ப்எஃப் போரினைக் குறைத்து, குறுகலான ஓம்ப்சியைக் கூட்டும். சிறுநீர்த் தொற்றுக்கான மருந்தைச் சத்து மிகுந்த ஊடகத்தில் வளர்ந்த செல்லில் மட்டும் அளந்தால் போதாது.

இன்னும் தீராத சிக்கல், மருந்து எந்த அறையில் இருக்கிறது என்பது. எண்ணெய் முறை முழுச் செல்லையும் ஒன்றாகவே அளக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசினின் இலக்கு உட்சவ்வுக்கும் உள்ளே. மெலியாய்டோசிசுக்குக் கொடுக்கும் செஃப்டசிடிம் போன்ற பீட்டா-லாக்டம்களின் (பென்சிலின் குடும்ப மருந்துகளின்) இலக்கோ இரு சவ்வுகளுக்கும் இடைப்பட்ட பெரிப்ளாசத்தில். அந்த அறையைத் தனியே பிரிக்கச் செல்களை 20 சதவீதச் சர்க்கரைக் கரைசலில், உலோக அயனிகளைப் பிடித்தெடுக்கும் இடிடிஏவோடு ஊறவைத்து, திடீரெனக் குளிர்நீரில் போடுவார்கள். வெளிச்சவ்வு விரிந்து பெரிப்ளாசம் கசியும். உட்சவ்வும் கிழிந்துவிட்டதா என்று அறிய, கசிந்த நீரில் குளுக்கோஸ்-6-பாஸ்பேட் டீஹைட்ரஜனேஸ் என்னும் உள்ளறை நொதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் அந்த மாதிரியைக் கொட்டிவிட வேண்டும். ஆனால் இத்தனையும் முடிய ஆகும் நேரத்தில் மருந்து அறை மாறியிருக்கும்.

அதனால் பீட்டா-லாக்டம்களுக்கு 1977இல் சிம்மர்மானும் ரோசெலெட்டும் காட்டிய மறைமுக வழி இன்றும் வழக்கில் உள்ளது. பெரிப்ளாசத்தில், இம்மருந்துகளை உடைக்கும் பீட்டா-லாக்டமேஸ் நொதி இருக்கும் செல்லை எடுத்து, மருந்து உடைபடும் வேகத்தை அளக்கிறார்கள். நிலை சீரானதும், உடைபடும் வேகமும் வெளிச்சவ்வைக் கடந்து வரும் வேகமும் சமம். உடைந்தால் நிறம் மாறும் பீட்டா-லாக்டமான நைட்ரோசெஃபின் என்றால் மஞ்சள் சிவப்பாக மாறுவதை 486 நானோமீட்டரில் நேரடியாகவே பார்க்கலாம். செல்லிலிருந்து கசிந்த நொதி வெளியேயே மருந்தை உடைத்துக்கொண்டிருந்தால் கணக்கு தவறும். ஆகவே செல்களைச் சுழற்றி நீக்கிய மேல்நீரிலும் அதே சோதனையைச் செய்து கழிக்க வேண்டும். செஃப்டசிடிமைப் பல பீட்டா-லாக்டமேஸ்கள் மிக மெதுவாகத்தான் உடைக்கும். அந்த மருந்துக்கு இந்த முறையைக் கையாள்பவர், நொதியைத் தேர்ந்தெடுப்பதில் இருந்தே வேலையைத் தொடங்க வேண்டியிருக்கும்.